சேமஅச்சு: காட்டுவழி வண்டிகளின் பழுதும் செப்பமும்

1. உவமையும் தொழிலறிவும்

சங்கச் சான்றோர் ஆண்ட உவமைகளுள் ஒரு பகுதி இயற்கையினின்றும் எடுக்கப்பட்டது. மற்றொரு பகுதி மக்கள் செய்தொழிலினின்றும் எடுக்கப்பட்டது. மலையும் கடலும் திங்களும் இன்றும் நம் கண்முன் உள்ளன. ஆதலின், முதற்பகுதி உவமைகளை உணர்தற்குத் தடை பெரிதும் இல்லை. தொழிலினின்றும் பிறந்த உவமைகளின் நிலை அத்தகையதன்று. தொழில் மாறியபின் அல்லது மறைந்தபின், உவமையின் சொற்பொருள் மட்டும் எஞ்சி, அதன் உயிர் நம் கைக்கு எட்டாது போகின்றது. உரையாசிரியர் சொற்பொருள் தந்துவிட்டமையால் பாட்டு விளங்கிவிட்டதாக எண்ணி மேற்செல்கின்றோம். இவ்வாறு நாம் கடந்து செல்லும் உவமைகளுள் ஒன்று புறநானூற்றின் 102ஆம் பாட்டில் உள்ளது. ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய பாட்டு அது.

அப்பாட்டின் கருத்து வருமாறு: எருதுகள் இளையவை, நுகம் பூண்டு பழகாதவை. வண்டியிலோ பண்டம் மிகுதியாக ஏற்றப்பட்டுள்ளது. வழி பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும், ஆங்கு என்ன நேரும் என்பதை அறிவார் யார்? இவ்வாறு எண்ணி, உமணராகிய உப்பு வணிகர் தம் வண்டியின் கீழ்மரத்தில் மற்றோர் அச்சினைக் கட்டிக்கொண்டு செல்வர். அதுவே சேமஅச்சு. மன்னனே, நீ அச்சேமஅச்சினைப் போன்றாய், நிறைமதியத்தையும் போன்றாய், நின் நிழலில் வாழ்வார்க்கு இருள் ஏது என்று முடிகின்றது பாட்டு.

ஈண்டு எழும் வினா ஒன்று. வண்டிக்கு உறுப்புகள் பல. உருளை உடையும், ஆரக்கால் கழலும், நுகம் ஒடியும், கயிறு அறும், ஆணி விழும். இவை அனைத்தும் இருக்க, உமணர் அச்சினையே மிகையாக எடுத்துச் சென்றதாக ஔவையார் கூறுவது ஏன்? அவர் கண்ணிற்பட்ட ஒரு பொருளை எடுத்தாண்டார் என்று கூறி அமையலாம். அவ்வாறு அமையாமல், காட்டுவழியில் வண்டிகள் எவ்வாறு பழுதுறும், அப்பழுது எவ்வாறு சீர்செய்யப்படும் என்பதனை முதற்கண் அறிந்து, பின்னர்ப் பாட்டிற்கு மீளுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

2. அச்சின் நிலை

பெரும்பாணாற்றுப்படை உமணர் வண்டியினை விரிவாக வருணிக்கின்றது. சூட்டும் ஆரும் அமைந்த உருளை முழவினைப் போன்றது; வண்டியின் பார், கணையமரங்களை இணைத்தாற் போன்ற வலிய கைகளை உடையது; மேலே புல் வேயப்பட்டுள்ளது; கோழி தங்கும் கூடும் உண்டு; காடி வைத்த கலம் முன்புறத்தே கயிற்றாற் கட்டப்பட்டுள்ளது. மகவினை உடைய மகள் எருதுகளை ஓட்ட, ஆடவர் வண்டியின் பக்கத்தே காத்துச் செல்கின்றனர். நெடுவழியில் ஒரு குடும்பம் முழுதும் வண்டியோடு பெயரும் காட்சி இது. அவ்வண்டி நின்றுவிடின் வணிகம் மட்டுமன்று, அக்குடும்பத்தின் வாழ்வே வழியில் நின்றுவிடும்.

இத்தகைய இருசக்கர வண்டியில் அச்சு ஏற்கும் பணியினை நோக்குக. பண்டத்தின் சுமை பாரின் மீது உள்ளது. பார் அச்சின் மீது அமர்கின்றது. அச்சின் இரு முனைகளும் உருளைகளின் குடத்தினுள் நுழைந்து, வெளிப்புறத்தே கடையாணியால் தடுக்கப்பட்டுள்ளன. ஆகவே சுமை முழுவதும் ஒரே மரத்தின் வழியாக இரு குடங்களுக்குச் செல்கின்றது. நேர்நிலத்தில் சுமை இருபுறமும் ஒத்து நிற்கும். ஓர் உருளை குழியில் இறங்கின் சுமை அப்பக்கமே சாயும். சாய்வதோடு, வீழ்ச்சியின் அதிர்ச்சியும் அச்சின் முனையைத் தாக்கும். குடத்தினுள் நுழைதற்காக அம்முனை மெலிதாகச் செதுக்கப்பட்டுள்ளது. மிகுந்த தாக்குதலை ஏற்கும் இடமே மெலிந்த இடமாகவும் உள்ளது.

இதனோடு எருதுகளின் இழுப்பும் சேரும். பழகிய இணை ஒத்த அடியெடுத்து வைக்கும். பழகாத எருதுகளுள் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அப்போது ஏர்க்கால் ஒருபுறமாகத் திரும்ப, வண்டி முழுதும் முறுக்குண்ணும். அம்முறுக்கும் அச்சினையே சென்று சேரும்.

இப்பொழுது ஔவையார் கூறிய மூன்று காரணங்களை எண்ணிப் பார்க்கலாம். நுகம் அறியா எருது என்றது முறுக்கு விசையை. மிகுந்த பண்டம் என்றது நிலையான சுமையை. பள்ளமும் மேடும் என்றது அதிர்ச்சியை. அச்சினை முறிக்கும் ஆற்றல்கள் இம்மூன்றே. ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் மிகையில்லை. உப்புவண்டி ஓட்டியவன் தன் அனுபவத்தால் அறிந்ததனைப் புலவர் கேட்டும் கண்டும் அறிந்து பாடினார் என்பதற்கு இப்பொருத்தமே சான்று. மிகுந்த சுமை அச்சினை முறிக்கும் என்ற உண்மையினைத் திருக்குறளின் 475ஆம் பாவும் எடுத்தாள்கின்றது. ஏற்றப்படுவது மயிற்பீலியே ஆயினும் அளவு கடப்பின் முறிவது அச்சே என்பது ஆண்டுப் பெறப்படும். ஆண்டும் முறிவதாகக் கூறப்பட்டது உருளையன்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

3. வேட்டைவண்டிகள் தரும் சான்று

உமணர் தம் வழிச்செலவினைத் தாமே எழுதி வைத்திலர். புலவர் பாட்டில் வந்த அளவே நமக்குக் கிடைக்கின்றது. அவரைப் போலவே எருது பூட்டிய வண்டியில், ஊரும் கொல்லுலையும் இல்லாத காடுகளிற் பல திங்கள் உழன்று, அதனை எழுதியும் வைத்தவர் வேறோரிடத்தில் உள்ளனர். 19ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டிற்கு யானை முதலிய விலங்குகளை வேட்டையாடச் சென்றோரே அவர். கார்டன் கம்மிங் என்பார் 1843 முதல் 1848 வரை ஆங்கு வேட்டையாடித் தம் பட்டறிவினை 1850இல் நூலாக வெளியிட்டார். செலூஸ் என்பார் 1871இல் ஆங்குச் சென்று, 1881இல் தம் முதல் நூலினை வெளியிட்டார். வேட்டையின் பெயரால் அவர்கள் செய்த உயிரழிவினை இன்று எவரும் போற்றார். வண்டிபற்றி அக்காலத்து வேட்டைவழக்கம் காட்டும் செய்திகளே ஈண்டு வேண்டப்படுவன.

அவ்வண்டிகள் நான்கு உருளையுடையன. 12 முதல் 18 வரை எருதுகள் இணையிணையாகப் பூட்டப்பட்டன. வண்டி வேட்டைக்காரனுக்கு வீடு. மருந்தும் வெடிமருந்தும் வைக்கும் அறை. தந்தமும் தோலும் ஏற்றிவரும் பண்டசாலை. அவற்றிற்கு நேர்ந்த பழுதுகளையும் செய்த செப்பங்களையும் வகைப்படுத்திக் காண்போம்.

முதலாவது, உருளையின் உலர்வு. மரம் காய்ந்த வெப்பநிலத்திற் சுருங்கும். இரும்புப் பட்டை சுருங்காது. ஆதலின் வட்டையைச் சூழ்ந்த பட்டை தளர்ந்து கழலும். ஆறு உள்ள இடத்தில் உருளையைக் கழற்றி இரவு முழுதும் நீரில் இடுவர். மரம் நீருண்டு பருத்துப் பட்டையை இறுகப் பற்றும். நீரில்லா இடத்தில் பட்டைக்கும் வட்டைக்கும் இடையே சிறு மர ஆப்புகளை அறைவர்.

இரண்டாவது, ஏர்க்கால் முறிவு. திரும்பும் இடங்களில் எருதுகளின் இழுப்பெல்லாம் ஏர்க்காலைத் தாக்க, அது முறியும். இதற்குக் காட்டில் நேரிய மரம் ஒன்றை வெட்டிப் பட்டையுரித்து இடுதல் வழக்கம். நேர்மையும் நீளமும் அமைந்தாற் போதும். நுண்ணிய அளவு வேண்டுவதன்று.

மூன்றாவது, பிளவும் வெடிப்பும். ஆரக்காலோ பாரின் கையோ பிளந்தால், பதம் செய்யாத பச்சைத்தோலை வாராக அறுத்து, ஈரத்தோடு இறுகச் சுற்றிவிடுவர். தோல் உலர உலரச் சுருங்கி, மரத்தை இரும்புப் பூண் போல இறுக்கும். வேட்டையில் வீழ்ந்த விலங்கின் தோலே வண்டிக்குப் பூணாயிற்று. அதன் கொழுப்பே கீலுடன் கலந்து அச்சிற்கு இடும் மசகாயிற்று. வேட்டைக்காரன் தன் வண்டியைச் செப்பம் செய்யும் பொருளைக் காட்டினின்றே பெற்றான்.

நான்காவது, இறக்கத்தில் நேரும் இடர். செங்குத்தான சரிவில் வண்டி எருதுகளின் மீது பாயாதிருத்தற்பொருட்டு உருளைகளைச் சங்கிலியாற் பிணித்து உருளாமல் தடுப்பர். 1837இல் போயர் மக்கள் டிராக்கன்ஸ்பெர்க் மலையினைக் கடந்து இறங்கியபோது, பின்னுருளைகளைக் கழற்றிவிட்டு, மரக்கிளைகளை அடியிற் கட்டி வண்டியை இழுத்துச் சறுக்கவிட்டனர் என்பது வரலாறு.

ஐந்தாவது, அச்சு முறிவு. மேற்கூறிய நான்கினும் இது வேறுபட்டது. அச்சினைக் காட்டிற் செய்தல் இயலாததன்று; செய்தவரும் உண்டு. ஆயின், அதற்கு வைரமேறிய மரம் வேண்டும். பச்சைமரம் உலருங்கால் வளையும், வெடிக்கும், குடத்தினுள் சுழலும்போது உராய்ந்து சூடேறித் தேயும். மரம் கிடைப்பினும், முனைகளைக் குடத்தின் உள்ளளவிற்கு ஏற்ப உருட்டிச் செதுக்குதல் தேர்ந்த தச்சனின் வேலை. அளவு மிகின் உருளை சுழலாது. குறையின் ஆடித் தானும் தேய்ந்து குடத்தையும் தேய்க்கும். சுமை முழுவதையும் இறக்கி, வண்டியைத் தூக்கி நிறுத்தி, பழைய அச்சினைப் பெயர்த்துப் புதியதை இடுதற்கு நாட்கள் கழியும். வேட்டைக்காரனிடம் நாட்கள் இருந்தன. உண்ண இறைச்சியும் இருந்தது. நீர்நிலை அருகில் இருப்பின் அவன் காத்திருக்க இயலும்.

வேட்டைக்காரரே அன்றி, நெடுவழி சென்ற குடியேறிகளும் இதனை உணர்ந்திருந்தனர். 1840களில் அமெரிக்காவின் மிசௌரி ஆற்றுப் பகுதியினின்றும் ஆரிகன் நோக்கிச் சென்ற வண்டிகளில் மாற்று அச்சினை வண்டித்தட்டின் அடியிற் கட்டிச்செல்லும் வழக்கம் இருந்தது. தமிழகத்து உமணரைப் பற்றி ஒன்றும் அறியாதார், அதே உறுப்பினை அதே இடத்தில் கட்டினர். இது வியப்பன்று. ஒத்த இடர் ஒத்த அறிவினைப் பிறப்பிக்கும். அடியிற் கட்டுதற்கும் காரணம் உண்டு: நீண்ட கனத்த மரம் மேலே இருப்பின் பண்டத்திற்கு இடம் குறையும், வண்டியும் கவிழும் இயல்பினதாகும். கீழே இருப்பின் இரண்டும் இல்லை.

4. உமணர் வழி

சங்கப் பாடல்களில் வரும் வேட்டுவர் வண்டிகொண்டு சென்றாரல்லர். வில்லும் நாயும் துணையாக நடந்தே சென்றனர். ஆயினும் உமணர் சென்ற சுரமும் வில்லேந்தியோர் திரிந்த சுரமும் ஒன்றே. உமணர் சமைத்துவிட்டு நீங்கிய கல்லடுப்பில், பின்வந்த வில்லேந்திய ஆடவர் ஊன் புழுக்கிய செய்தியினை அகநானூற்றின் 159ஆம் பாட்டுக் கூறுகின்றது. வழியில் நின்றுவிட்ட வண்டிக்கு அச்சுரத்தில் யார் வருவர் என்பதனை அவ்வடுப்பே காட்டும். ஆதலின், பழுதுற்ற இடத்தில் நாட்கணக்கில் தங்குதல் உமணர்க்கு உயிரிடராகும்.

அவ்வழியின் இடர்களைப் பாடல்கள் பலவாறு காட்டுகின்றன. வண்டி மணலில் முழங்கிச் செல்லும் ஓசைக்குக் கழனியிலுள்ள குருகு அஞ்சும் என்பது நற்றிணை 4. பெருமழையில் அகப்பட்டு அழிந்த உப்புவண்டியினை நெஞ்சிற்கு உவமையாக்குவது குறுந்தொகை 165. உப்புவண்டிக்கு உருளை முறியாமலே இழப்பு நேரலாம் என்பது அதனாற் பெறப்படும்.

சேற்றில் ஆழ்தல் மிகுதியாகப் பேசப்படும் இடர். அகநானூற்றின் 140ஆம் பாட்டில், உப்பு விற்கும் உமணர் மகளைக் கண்டு காதல்கொண்ட தலைவன், தன் பெருமூச்சிற்கு ஓர் உவமை கூறுகின்றான். அவள் தந்தையின் வண்டி கரிய சேற்றில் அழுந்த, அவன் ஏவலின்வழி அதனை இழுக்கும் எருது விடும் வெய்ய மூச்சே அது. காதலியின் தந்தை தொழிலினின்றே உவமை பிறந்தமை நயமுடையது. புறநானூறு 60ஆம் பாட்டு, ஆழ்ந்த வண்டியை மீட்கும் வலிய பகட்டினைச் சோழனுக்கு உவமை ஆக்குகின்றது. 185ஆம் பாட்டில் தொண்டைமான் இளந்திரையன் உலகினையே வண்டியாக்கி, ஓட்டுவோன் திறமிலனாயின் அது பகையாகிய சேற்றில் அழுந்தும் என்கின்றான். உமணர் வண்டியினை விரிவாக வருணிக்கும் பெரும்பாணாற்றுப்படை இவ்விளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

எருது முடமாதல் மற்றோர் இடர். நடக்கவியலாத எருதினை உமணர் யாருமில்லாத இடத்தில் விட்டு நீங்கிய செய்தி புறநானூறு 307ஆம் பாட்டில் உவமையாக வருகின்றது. தென்னாப்பிரிக்க வேட்டைக்காரரும் செட்சி என்னும் ஈ வாழும் பகுதியின் எல்லையில் வண்டியையும் எருதுகளையும் நிறுத்திவிட்டு நடந்தே மேற்சென்றனர். அவ்வீக்கடியால் எருதும் குதிரையும் மடியும். உறுப்புக்கு மாற்று உண்டு. உயிர்க்கு மாற்று அரிது. பல எருதுகளை உடன்கொண்டு செல்வோராக உமணரைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பதும், வண்டிகள் தனித்துச் செல்லாது ஒழுகையாக, அதாவது வரிசையாகச் செல்வதும் இவ்விடரைக் கருதியே எனலாம். ஒரு வண்டி ஆழ்ந்தால் மற்றொன்றின் எருதுகள் இழுத்தற்கு உதவும்.

5. ஏன் அச்சு

இனி முதலில் எழுந்த வினாவிற்கு விடை காணலாம். வழிப்பழுதுகள் இருவகைப்படும். ஒருவகை, ஆங்குக் கிடைக்கும் பொருளாலும் கைத்திறனாலும் அப்பொழுதே சீர்செய்யத்தக்கது. கயிறு அறின் முடியலாம்; நுகம் ஒடியின் வேறு மரம் வெட்டலாம்; ஆணி விழின் வைரமான குச்சியைச் செருகிச் சிறிது தொலைவு செல்லலாம்; ஆரக்கால் ஒன்று போயினும் ஏனையவை தாங்க, ஊர்வரை மெல்லச் செல்லலாம்; சேற்றில் ஆழின் சுமையிறக்கி எருது கூட்டி இழுக்கலாம். மற்றொருவகை, முன்னரே செய்து கொண்டுவந்தாலன்றிச் சீர்செய்ய இயலாதது, அல்லது உயிரிடர் நேருமளவு காலம் கொள்வது. இருசக்கர வண்டியில் அச்சு இவ்விரண்டாம் வகையினது. அது முறிந்தால் வண்டி மெல்லச் செல்லவும் செல்லாது, அவ்விடத்தே வீழும். அச்சு மரமோ இரும்போ எனப் பாட்டுக் கூறவில்லை. இரும்பாயினும் இம்முடிபு மாறாது; சுரத்தில் கொல்லுலை இல்லை.

ஆகவே உமணர் எல்லா உறுப்பிற்கும் மாற்று எடுத்துச் செல்லவில்லை. அவ்வாறு எடுப்பின் உப்பு ஏற்ற இடமிராது. வழியிற் செய்யத்தக்கவற்றை வழியிற் செய்ய விட்டு, செய்யத்தகாத ஒன்றனை மட்டும் தேர்ந்து கொண்டுசென்றனர். எதனை விட்டுச் செல்லலாம் என்பதனை அறிந்த பின்னரே எதனை எடுத்துச் செல்ல வேண்டும் என்பது விளங்கும். சேமம் என்ற அடைமொழி இத்தேர்ச்சியைக் குறிக்கின்றது. மிகுதியாக இருப்பது என்ற பொருளில் அதனைக் கொள்ளுதல் பொருந்தாது. காவலாக அமைவது என்றே கொள்ளுதல் வேண்டும்.

6. தந்தையும் மகனும்

இம்முடிபு பாட்டின் பொருளுக்கு என்ன செய்கின்றது என்பதே தமிழ் பயில்வார்க்கு முதன்மையானது. மாற்றுப்பொருளுக்கு ஒப்பிடுதல் மன்னனுக்குப் பெருமையாகுமோ என்று ஐயுறுவார் உளர். முதற்பொருள் இருக்க, அது கெட்டால் வருவது தானே மாற்று என்பர். இவ்வையத்தை நீக்கக் கருவியாவது அதே புலவர் பொகுட்டெழினியின் தந்தையாகிய அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய 90ஆம் புறப்பாட்டு.

அப்பாட்டிலும் பண்டம் ஏற்றிய வண்டி வருகின்றது. அது அச்சு நிலத்தில் தாக்கும் அளவு அழுந்திவிட்டது. அதனை மீட்டு, மணல் பரக்கவும் கல் பிளக்கவும் நடக்கும் பெருமிதமுடைய பகட்டிற்குக் கடக்க முடியாத துறையும் உண்டோ என்று வினவுகின்றார் ஔவையார். அஞ்சி அப்பகடு ஆகின்றான். அதே பாட்டில் மற்றோர் உவமையும் உண்டு: ஞாயிறு சினந்து எழின் இருள் நிற்குமோ என்பது அது.

இரு பாட்டுகளையும் அருகருகே வைத்து நோக்குக. தந்தைபாற் சென்றது பகடும் ஞாயிறும். மகன்பாற் சென்றது சேமஅச்சும் நிறைமதியும். ஒவ்வொரு பாட்டிலும் வண்டித்தொழிலினின்றும் ஓர் உவமை. இருளை அகற்றும் ஒளியினின்றும் ஓர் உவமை. பகடு, கண்முன் நேர்ந்துவிட்ட இடரினை ஆற்றலால் வெல்வது. சேமஅச்சு, இனி நேரக்கூடிய இடர்க்கு முன்னரே அமைந்து காப்பது. ஞாயிறு இருளைத் தன் வெம்மையால் துரப்பது. மதியமோ ஞாயிறு மறைந்த பொழுதில் உலகிற்கு ஒளி தருவது.

சேமஅச்சும் மதியமும் ஒருங்கே வைக்கப்பட்டமையின் காரணம் இப்பொழுது விளங்கும். முதல் அச்சு முறிந்தபோதே சேமஅச்சின் பயன் தெரியும். ஞாயிறு மறைந்தபோதே மதியத்தின் பயன் தெரியும். இரண்டும் வரிசையில் இரண்டாவன. மதிப்பில் இரண்டாவன அல்ல. முறிந்த பொழுதில் வண்டிக்கு அச்சு அதுவே. இரவில் உலகிற்கு விளக்கு அதுவே. 102ஆம் பாட்டின் இரண்டு உவமைகளும் தனித்தனி நிற்பன என்று கொள்ளாமல், ஒரு கருத்தின் இரு முகங்கள் என்று கொள்ளுதல் இதனாற் பொருத்தமாகின்றது. அரசன் மகனை அரசனின் நிழலாகப் பாடாமல், நாட்டு மக்கள் அச்சமின்றி வழிச்செல்லுதற்குக் காரணமானவனாகப் பாடினார் ஔவையார். வண்டி ஓடும்போது சேமஅச்சு ஒன்றும் செய்வதில்லை. ஆயினும் அது கீழே உள்ளது என்ற எண்ணமே ஓட்டுவோனைப் பள்ளத்தில் துணிந்து இறங்கச் செய்கின்றது. நிழல் வாழ்வார்க்கு இருள் ஏது என்ற முடிவு அத்துணிவினையே சுட்டுகின்றது.

90, 102 ஆகிய இரண்டும் பழைய உரை கிடைக்கும் முதல் 266 பாட்டுகளுள் அடங்குவன. 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றினை வெளியிட்ட நாள்தொட்டு அவ்வுரை நம் கையில் உள்ளது. சொற்பொருள் தெளிவுற அமைந்த இடத்தும், தொழிலறிவு சேர்ந்தாலன்றி இரு பாட்டுகளின் உறவு புலப்படாது என்பதற்கு இது சான்றாகும்.

7. மோட்டார் வண்டியும் சேமமும்

உறுப்பு மாறினும் இவ்வறிவு மாறவில்லை. முதன்முதல் வந்த மோட்டார் வண்டிகளில் மாற்று உருளை இல்லை. காற்றடைத்த டயர் வழியில் வெடித்தால் அவ்விடத்தே ஒட்டிச் சீர்செய்தல் வேண்டும். 1904இல் வேல்சு நாட்டு லனெல்லி நகரில் டேவிஸ் என்ற உடன்பிறந்தார், டயர் பூட்டிய ஆரில்லா வட்டம் ஒன்றினை அமைத்து, பழுதுற்ற சக்கரத்தின் மேல் பிணிக்குமாறு செய்தனர். அந்நகரின் ஸ்டெப்னி என்னும் தெருவின் பெயரால் அது வழங்கியது. அத்தெருப்பெயரே இன்று தமிழகத்தில் லாரி ஓட்டுநர் நாவில் ‘ஸ்டெப்னி’ என்று மாற்றுச் சக்கரத்தைக் குறிக்கின்றது. லாரிகளில் அது வண்டியின் அடியிற் பிணிக்கப்பட்டிருத்தலையும் காணலாம். உமணர் கீழ்மரத்தில் கட்டிய இடம் அதுவே.

1909இல் கிழக்காப்பிரிக்காவிற்கு வேட்டைக்குச் சென்ற முன்னாள் அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்ட்டு சுமையாளரோடு நடந்தும் குதிரையேறியும் சென்றார். 1920களில் மோட்டார் வண்டி ஆங்கு வேட்டைக்குப் புகுந்தது. புகவே பழுதுகளும் புகுந்தன. டியூப் கிழிந்து ஒட்டுதற்கும் வழியில்லையாயின், டயரினுள் புல்லை இறுகத் திணித்து மெல்ல ஓட்டுவர். வில்தகடு முறியின் அச்சிற்கும் சட்டத்திற்கும் இடையே மரக்கட்டையை வைத்துக் கயிற்றாற் கட்டுவர். எண்ணெய்த் தொட்டியின் சிறு கசிவிற்குச் சவர்க்காரம் பூசுவர். உருளையே போயின், நீண்ட கழியை அச்சின் கீழே சாய்த்துக் கட்டி, நிலத்தில் சறுக்கி வருமாறு செய்வர். இவை அனைத்தும் அவ்விடத்துச் செப்பம். ஆயின் உள்ளச்சு முறிந்தாற் கட்டையும் கயிறும் உதவா. ஆதலின் தொலைவழி செல்வோர் மாற்று உள்ளச்சினை உடன்கொண்டு செல்லுதலும் உண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தாலும், கென்யாவில் 1977ஆம் ஆண்டின் தடையாலும் அவ்வேட்டைச் செலவுகள் முடிவுற்றன. வண்டியைப் பற்றிய அறிவு எஞ்சியுள்ளது.

8. செய்ய வேண்டுவது

மரவண்டி செய்யும் தச்சர் இன்று அருகி வருகின்றனர். உருளையைப் பூட்டுதலும், பட்டையைத் தீயிற் காய்ச்சி ஏற்றுதலும், அச்சின் முனையைக் குடத்திற்கு ஏற்ப உருட்டுதலும் அறிந்த முதியோர் சிலரே உளர். அவர் வழங்கும் சொற்களுள் சூட்டு, ஆர், குடம், பார் முதலியன சங்கப் பாட்டிலும் உள்ளவை. வேறு பல அகராதியில் ஏறாதவை. மரத்தை எப்பருவத்தில் வெட்டுவர், எத்தனை காலம் உலர்த்துவர், எவ்வுறுப்பிற்கு எம்மரம் கொள்வர், வழியில் முறிந்தால் என் செய்வர் என்பனவற்றை அவர்வாய்க் கேட்டு எழுதுதல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி. ஓரூரில் ஒரு தச்சரிடம் சில நாள் இருந்து தொகுத்த சொற்பட்டியல், உமணரும் தேரும் வண்டியும் வரும் பாட்டுகளுக்கு ஒரு புதிய உரையாக அமையும். அம்முதியோர் உள்ள காலத்தே அதனைச் செய்தல் வேண்டும்.